ஆவணியில் இரண்டு தசமி

"பெப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை, காலை. வெனுவாபாய், கிழக்கு வேலி. தென்மேற்குக் காற்று, பலம். பழைய ஹெர்க்குலிஸ் சாமான் விமானம் ஒன்று ஓடுபாதையை நோக்கிப் போகிறது, பின்கதவு பாதி திறந்தபடி. முதல் சில படங்கள் விமானம். மற்றவை மச்சான்."

அன்று பின்னேரம் படங்களைக் கணினியில் சேமித்தபோது கோப்புறையின் தலையில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. ஒக்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் விமானப்படைத் தளத்தின் வேலியோரம் நின்று, வருகிற போகிற இராணுவ விமானங்களையும் மந்திரிமார் பறக்கும் அரசாங்க விமானங்களையும் படம்பிடிப்பது என் நீண்ட காலப் பழக்கம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புறை, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறிப்பு. மங்கலாக விழுந்த படத்தைக்கூட அழிப்பதில்லை. ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயரும் திகதியும் ஒட்டி வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். திகதி இல்லாத குப்பியை அங்கே யாரும் தொடமாட்டார்கள். அது யாருடைய இரத்தமாகவும் இருக்கலாம்.

மச்சான் என்றது என் தங்கையின் கணவரை. நகரின் தெற்கே, ஒடாஹுஹுவில் வீடு. பஸ் சாரதி. அன்று காலை அவர் அந்த வேலியோரத்தில் ஒரு மனிதரை ஒற்றைக்கால் கமராத் தாங்கியால் அடித்து விழுத்தினார். விழுந்த பிறகும் அடித்தார்.

வேலியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். வீதிக்கும் தளத்துக்கும் நடுவே புல், ஒரு வாய்க்கால், உயரமான கம்பிவலை. வீதியில் நின்று படம்பிடிக்கத் தடையில்லை. காவலில் நிற்கும் இளம் சிப்பாய்கள் சிலநேரம் கையசைப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் குதிரைகள் மேய்ந்த நிலமெல்லாம் இப்போது ஒரே மாதிரியான வீடுகள். சனிக்கிழமைகளில் அங்கே கூடுகிற எங்களில் பலருக்கு விமானத்தின் பக்கவாட்டுத் தோற்றம்தான் வேண்டும். வாலில் இருக்கும் இலக்கம் தெளிவாக விழ வேண்டும். எனக்கு மட்டும் அடிவயிறு. விமானம் தலைக்கு நேரே வரும்வரை காத்திருந்து கீழிருந்து மேலே எடுப்பேன். சென்னையிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் தம்பி ஒருவன் அங்கே வருவான். அவனுக்கு இது தீராத பகிடி.

"என்னண்ணே, மறுபடியும் வயித்தயே எடுக்குறீங்க? ஃப்ளைட்டுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டா குடுக்கப் போறீங்க?"

யாழ்ப்பாணத்தில் நான் விமானங்களைப் பார்த்தது அந்தக் கோணத்தில்தான் என்று அவனுக்குச் சொன்னேன். பங்கருக்குள் மற்றவர்கள் முகத்தை மண்ணில் புதைத்துக் கிடக்க, வாசலில் மல்லாந்து கிடந்து பார்த்தவன் நான். திட்டு வாங்கினேன், ஆனால் பார்த்தேன். குண்டு வயிற்றிலிருந்து பிரியும்போது முதலில் அது விழுவதுபோலத் தெரியாது, விமானத்தோடு கூடவே வருவதுபோல இருக்கும். பிறகு பின்தங்கும். பின்தங்கத் தொடங்கினால் உங்களுக்கு இல்லை. பின்தங்காமல் வளர்ந்துகொண்டே வந்தால் உங்களுக்குத்தான். இதைச் சொன்னபோது தம்பி பகிடியை நிறுத்திவிட்டு, "ஸாரிண்ணே" என்றான். அடுத்த கிழமை மறுபடி தொடங்கினான். நானும் அதைத்தான் விரும்பினேன்.

வேலியில் நிற்பது அமைதியான பொழுதுபோக்கு என்று வீட்டில் நினைத்தார்கள். அப்படியல்ல. ஹெர்க்குலிஸ் எஞ்சினைக் கூட்டும்போது விலா எலும்பு அதிரும். வாய்க்கால் தண்ணீர் நடுங்கும். ஒருமுறை ஓடுபாதை ஓரத்தில் முட்டைக்குக் காவல் இருந்த ஆட்காட்டிக் குருவி ஒன்று, விமானம் கிட்ட வந்ததும் விலகாமல் எதிர்த்துப் பறந்து சுழலிக்குள் போனது. குருவி இருந்த இடத்தில் சிவந்த ஈரப்புகை ஒன்று ஒரு கணம் நின்றது. என் படத்தில் அது இருக்கிறது. தம்பி வாய்க்காலில் குனிந்து வாந்தி எடுத்தான். சோடிக் குருவி அன்று முழுக்கக் கத்திக்கொண்டே ஓடுபாதையைச் சுற்றியது.

மச்சானுக்கு விமானத்தைப் பிடிக்காது. ஆனால் அவருக்கு ஹெர்க்குலிஸின் சத்தம் ஒரு கணக்கு மாதிரி; தீர்க்காமல் விட முடியாதது. பஸ் ஓட்டும்போது தலைக்கு மேலே அது போனால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். ஒருநாள் என்னை வேலையிலிருந்து கூட்டிவந்தபோது காரை ஓட்டியபடியே சொன்னார். அதற்கு முன்பும் பின்பும் அவர் இதைப் பற்றி வாய்திறந்தது கிடையாது.

அப்போது ஊரில் போர்; அவருக்கு ஒன்பது வயது. ஊருக்கு மேலே அரச விமானப்படையின் நான்கு எஞ்சின் சீன விமானம் ஒன்று சுற்றத் தொடங்கியது. போர்விமானம் அல்ல, சாமான் ஏற்றும் விமானம். பின்கதவைத் திறந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் சகடை என்போம். அவருடைய தகப்பனார் அவரைக் கிணற்றடியில் தள்ளி, மேலே விழுந்து படுத்துக்கொண்டார். சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது என்றார். பிறகு அப்பாவின் பாரம் மட்டும். அப்பா சூடாக இருந்தார். "எழும்புங்கோ" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஆட்கள் வந்து தூக்கியபோது முன்பக்கம் அப்படியே இருந்தது, சட்டைப் பொத்தான்கள்கூடப் பூட்டியபடி. முதுகு இல்லை. பிள்ளையின் தோளில் ஏதோ குத்திக்கொண்டு நின்றது. பிடுங்கிப் பார்த்தால் அப்பாவின் இடுப்புப் பட்டியின் வளையம்.

"நான் அந்தச் சாமானைக் கண்ணாலை காணேல்லை மச்சான்," என்றார். "குப்புறக் கிடந்தவனுக்கு என்ன தெரியும்? சத்தம் மட்டும்தான். உங்கடை ஹெர்க்குலிசின்ரை சத்தமும் அதுதான். ஒருக்காக் கிட்ட நிண்டு பாக்கோணும்."

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கூட்டிப்போனேன். பழைய ஹெர்க்குலிஸ்களை நிறுத்தி, புதியவற்றைக் கொண்டுவந்த கோடை அது. வேலியோரத்தில் வழமையைவிடக் கூட்டம்.

அங்கே கண்டிக்காரர் ஒருவரும் இருந்தார். சிங்களவர், என் வயது. அவர் வரத் தொடங்கிச் சில மாதங்கள்தான். ஒரு காலத்தில் தங்கள் நாட்டு விமானப்படையில் தொழில்நுட்ப வேலை செய்தவர் என்பது தெரியும். எங்கே, எப்போது என்று நான் கேட்டதில்லை. நல்ல மனிதர். கமராவைவிடப் பெரிய சாப்பாட்டுப் பெட்டியோடு வருவார். வயது குறைந்தவர்களைச் சிங்களத்தில் 'மல்லி', தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அன்றும் மீன்கறி அடைத்த பணிஸ் ரொட்டி கொண்டுவந்திருந்தார்.

"சாப்பிடுங்க மல்லி. என்ட வைஃப் செஞ்சது. கொஞ்சம் உறைப்பு."

"உறைப்போ? எங்களுக்கோ?" என்று மச்சான் சிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டுபேரும் பக்கத்தில் நின்று சாப்பிட்டார்கள். என் ஒற்றைக்கால் தாங்கி மச்சானின் கையில் இருந்தது. லென்ஸ் மாற்றுவதற்காகப் பிடிக்கக் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, உங்க மச்சானுக்காச்சும் பக்கவாட்டுல எடுக்கக் கத்துக் குடுங்க," என்றான் தம்பி.

ஹெர்க்குலிஸ் எங்களுக்கு முன்னால் வந்து திரும்பியது. பின்கதவு பாதி திறந்து, உள்ளே ஒருவன் கால் தொங்கப் போட்டு இருந்தான். நான் கமராவைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் கண்டிக்காரர் மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவு பாத்தது தானே மல்லி? எங்களுக்கும் இருந்தது. சைனா ப்ளேன். நாலு எஞ்சின். இதே மாதிரிக் கதவு. நான் அந்தக் கதவுல வேல செஞ்சது."

"எங்கை?"

"வடக்கில. ஐயோ, சரியான சூடு. பீப்பா உருட்டுறது. மேல பெல் அடிக்கும், நாங்க தள்ளுறது. எய்ம் ஒண்ணும் இல்ல. பெல் அடிச்சா தள்ளுறது, அவ்வளவுதான்."

"எந்த வருசம்?"

கண்டிக்காரர் வருடத்தைச் சொன்னார். அந்த வருடம்தான். சொல்லிவிட்டு, எப்படித் தள்ளினார்கள் என்பதையும் காட்டியிருக்கிறார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு காலைப் பின்னால் ஊன்றி. பெருமையாக அல்ல, பழகிய வேலையைக் காட்டுவதுபோல என்று தம்பி பிறகு சொன்னான். வாயில் பணிஸ் இருந்ததாம்.

சத்தம் கேட்டால் சத்தம் வந்த பக்கம் லென்ஸைத் திருப்புவது படம்பிடிப்பவனின் உடம்புப் பழக்கம். முதலடியின் சத்தம் கேட்டுத் திரும்பினேன். விரல் பொத்தானில் இருந்தது. கமரா தொடர்ந்து எடுத்தது. முதலடி காதில். கண்டிக்காரர் உட்காருவதுபோல இறங்கினார். இரண்டாவது கன்ன எலும்பில். அது உடைந்த ஓசை எஞ்சின் இரைச்சலுக்குள்ளும் தனியாகக் கேட்டது, காய்ந்த பாளையை முறிப்பதுபோல. அவர் புல்லில் புரண்டு முகத்தை மூடினார். மூடிய கைகளின் மேல் அடித்தார் மச்சான். தாங்கி வளைந்ததும் அதை எறிந்துவிட்டுக் காலால் உதைத்தார், விலாவில், பிறகும் விலாவில். மச்சானின் கன்னத்தில் மீன் துண்டு ஒட்டியிருந்தது.

நான் கமராவை விட்டுப் பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். முழங்கை என் முகத்தில் விழுந்து கண்ணாடி உடைந்தது. வேலிக்கு உள்ளே காவலாளிகள் கத்தினார்கள். தம்பி போனில் பொலிஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய இங்கிலிஷ் சிதறிப்போய்ப் பாதி தமிழில் சொன்னான். மச்சானைத் தள்ளிக்கொண்டுபோய் வாய்க்கால் கரையில் இருத்தினேன். ஹெர்க்குலிஸ் எங்களுக்கு மேலே ஏறிப் போனது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சற்றுக் கழித்து, "நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு," என்றார்.

பொலிஸ்காரி கேட்டாள், படம் எடுத்தீர்களா என்று. எடுத்தேன் என்றேன். கமராவில் ஒரேசமயம் பதிகிற இரண்டு நினைவட்டைகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

என் தங்கைக்கு விளங்காதது அதுதான். கண்டிக்காரரின் கன்ன எலும்பு நொறுங்கி, ஒரு காது கேட்காமல் போனதில் அவளுக்கும் கவலை உண்டு. ஆனால் கோபம் என்மேல்.

"கேட்டவுடனே தூக்கிக் குடுக்கிறதே அண்ணா? பற்றறி செத்துப்போச்செண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"அதிலை பொய் சொல்ல என்ன இருக்கு? அத்தனை பேர் பாத்துக்கொண்டு நிண்டவை."

"அவை பாத்தது வேறை. ஆள் விழுந்தாப்பிறகு அடிச்சது உங்கடை படத்திலைதான் வரிசையாக் கிடக்கு. லோயரே சொல்லுறார். உங்கடை கமராவைக் கொண்டுபோய் மனுகாவ் கடலுக்கை எறியுங்கோ."

அவளுடைய மகள் கதவோரம் நின்று கேட்டாள்: "மம், இஸ் டாட் கோயிங் டு ஜெயில்?"

"இல்லையம்மா. போய்ப் படி."

சிறை வராது என்றுதான் வக்கீலும் சொன்னார். ஆனால் வன்முறைக் குற்றம் பதிவானால் பயணிகளை ஏற்றி ஓட்டும் அனுமதி போய்விடும். பஸ் போய்விடும். மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. ஓட்டுவதைப் போல அவருக்குப் பிடித்ததும் வேறில்லை. வழி ஒன்று இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடிபட்டவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டால், நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக் குற்றத்தைப் பதியாமலே விடக்கூடும். இந்த நாட்டில் அதற்கென்று கூட்டம் ஒழுங்கு செய்வார்கள். கண்டிக்காரர் சம்மதித்துவிட்டார்.

மச்சான் சம்மதிக்கவில்லை.

"அப்பாவைக் கொன்றவனிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறதோ?"

"அவர்தான் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அவர் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பிறகு கண்டிக்காரரின் வாக்குமூலப் பிரதி வக்கீலிடம் வந்தது. அதில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது. அந்த வருடம் ஓகஸ்ட் கடைசிவரைதான் தான் வடக்குத் தளத்தில் இருந்ததாகவும், பிறகு வேறு தளத்துக்கு மாற்றப்பட்டு, மறுபடி வடக்குக்குப் போகவேயில்லை என்றும் சொல்லியிருந்தார். தங்கை ஓடிப்போய் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட அவளுடைய மாமனாரின் படத்துக்குக் கீழே இறந்த திகதி இருந்தது. செப்டெம்பர் நடுப்பகுதி.

மச்சான் நிலத்தில் இருந்துவிட்டார். "பிழையான ஆளை அடிச்சுப்போட்டன்," என்றார். அழுதார். தகப்பனாரின் கதையைச் சொன்னபோதுகூட அவர் அழவில்லை. அன்றே வக்கீலிடம் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: "எதுக்கும் நீங்கள் அந்தத் திகதியை ஒருக்காப் பாருங்கோ. நீங்கள் பாத்துச் சொன்னால்தான் எனக்கு ஆறும்."

பார்த்தேன்.

எங்கள் சனங்கள் இறந்த நாளைத் திகதியாக வைத்திருப்பதில்லை, திதியாக வைத்திருப்பார்கள். வருடா வருடம் திவசம் செய்வது அந்த மாதத்தில் அந்தத் திதி வரும் நாளில். இங்கிலிஷ் திகதி எவருக்கும் தேவைப்படாது. மச்சானின் தகப்பனாருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, அதாவது நினைவுமலர், ஒன்று அச்சிட்டிருந்தார்கள், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். அதிலுள்ள திதி வெண்பா, ஆவணி வளர்பிறைத் தசமி என்கிறது. வருடம் இருக்கிறது. கிழமை இல்லை. சுவரில் உள்ள செப்டெம்பர் திகதி ஒக்லாந்தில் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டபோது சேர்த்தது. கோயில் ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணித்துக் கொடுத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பிடித்து அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தின் ஆவணிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆவணியில் வளர்பிறைத் தசமி இரண்டு. மாதம் பிறந்த கையோடு ஒன்று, மாதம் முடியும்போது ஒன்று. சந்திர மாதம் சூரிய மாதத்தைவிடச் சற்றுக் குறுகியது. அதனால் சில வருடங்களில் இப்படி விழும். முதலாவது தசமி ஓகஸ்ட் நடுவில். இரண்டாவது செப்டெம்பர் நடுவில்.

ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஓம், ரெண்டு வந்தது. ரெண்டு வந்தால் பிந்தினதைத்தான் எடுக்கோணும். அது விதி," என்றார்.

"அது திவசம் செய்யிறதுக்குத்தானே ஐயா? ஆள் செத்தது எண்டைக்கு?"

"அதை நான் எப்பிடித் தம்பி சொல்லுறது?"

ஊராரைத் தேடினேன். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் ஓகஸ்ட் என்றார், மிகத் திடமாக. சுவிஸில் இருக்கும் அவருடைய சொந்தத் தமையன் செப்டெம்பர் என்றார், அதே திடத்தோடு. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில், கிடைத்தவற்றில், குண்டு விழுந்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன; மச்சானின் ஊர் இரண்டு மாதத்திலும் இருந்தது. போர்க்காலக் குறிப்புகள் பலவற்றைப் படித்தவன் நான். எழுதியவர்கள் பெரும்பாலும் மணி, நிமிடத்தைக்கூடத் தந்திருப்பார்கள். குப்புறக் கிடந்தவர்களிடம் மணிக்கூடு பார்க்க எவரும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"என்ன கண்டுபிடிச்சியள்?"

சொன்னேன்.

"அவருக்குச் சொல்லிட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதைங்கோ. சுவரிலை இருக்கிறது செப்டெம்பர். ஐயர் சொன்னதும் செப்டெம்பர். நீங்கள் ஓம் எண்டால் காணும். அவர் மன்னிப்புக் கேப்பார், பஸ் ஓட்டுவார், நித்திரை கொள்ளுவார். பொய்யெண்டும் இல்லையே அண்ணா. ரெண்டிலை ஒண்டுதானே?"

"ஒண்டுதான். எது எண்டு தெரியாதே."

"தெரியாதெண்டால் நல்லதைச் சொல்லுங்கோவன்!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த செருப்புத் தட்டை உதைத்து விழுத்திவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரமே மச்சானுக்குச் சொன்னேன். இரண்டு தசமி, இரண்டுக்கும் ஆதாரம் இல்லை என்று. அவர் என்னைத் திட்டவில்லை. பஞ்சாங்கப் படத்தை என் போனில் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப ஆள் அங்கை இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"ஓம்."

கூட்டம் ஒரு சமூக மண்டபத்தின் சிறிய அறையில். இந்த மண்ணின் பூர்வகுடிகளின் மாஓரி மொழியில் ஒரு வேண்டுதலோடு தொடங்கினார்கள். கண்டிக்காரர் மனைவியோடு வந்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. கேட்கிற காதை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். மச்சானோடு நானும் வக்கீலும். தங்கை வரவில்லை. நடத்திய பெண் மச்சானைப் பேசச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்காமல் கண்டிக்காரரிடம் தமிழில் கேட்டார். நான் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஓகஸ்ட் நடுவிலை நீங்கள் அங்கை இருந்தனீங்களோ?"

"இருந்தது. மாசம் முடியிற வரைக்கும்."

"பறந்தனீங்களோ?"

"பறந்தது. கூப்பிட்டா போகணும் தானே."

"எங்கடை ஊருக்கு மேலை?" மச்சான் ஊரின் பெயரைச் சொன்னார்.

கண்டிக்காரர் அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஊர் பேர் எங்களுக்குச் சொல்லுறது இல்ல மல்லி. பெல் மட்டும்தான் கேக்கும். நான் கீழ பாத்தது இல்ல. பாத்தா தள்ள ஏலாது." பிறகு, "அடிக்க முந்தி கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் தானே. ஏன் கேக்கல்ல?"

அவருடைய மனைவி சிங்களத்தில் ஏதோ கடுமையாகச் சொல்லி அழுதாள். அவர் அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

மச்சான் எழுந்து நின்றார். மடித்த தாளில் வக்கீல் எழுதிக்கொடுத்த மன்னிப்பு இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"செப்டெம்பர் எண்டால் நான் உங்கடை காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். ஓகஸ்ட் எண்டால், அண்டைக்கு நிப்பாட்டினது பிழை எண்டு நினைப்பன். எது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனபடியால் ரெண்டும் செய்ய ஏலாது. இதைத்தான் சொல்ல வந்தனான்."

நான் அதை இங்கிலிஷில் சொன்னேன், ஒரு சொல் விடாமல். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நடத்திய பெண் எழுதிக்கொண்டாள். கண்டிக்காரர் மட்டும் தலையை மெல்ல ஆட்டினார். அது ஒப்புதலா, வெறும் கழுத்து வலியா என்று எனக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் படங்களைப் பெரிய திரையில் காட்டினார்கள். முதலடியில் அவர் இறங்குவது, இரண்டாமடி, கைகளின் மேல் அடி, உதை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம். நீதிபதி மன்னிப்பு இல்லாததைக் குறிப்பிட்டுச் சொன்னார், விழுந்தபின் அடித்ததையும். குற்றம் பதிவானது. சமூக வேலையும் கண்காணிப்பும் விதித்தார்கள். சில வாரங்களில் பஸ் ஓட்டும் அனுமதியும் போனது.

மச்சான் இப்போது விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில் சாமான் தூக்கும் சிறு வண்டி ஓட்டுகிறார். பயணிகள் விமானநிலையம் பக்கத்தில்தான். நாள் முழுக்கத் தலைக்கு மேலே இரைச்சல். தங்கை என்னோடு கதைப்பதில்லை. இந்த வருடத் திவசத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. கண்டிக்காரர் வேலிப்பக்கம் வருவதில்லை. தம்பி வருகிறான், பகிடி விடுவதில்லை. மச்சான் மட்டும் இடைக்கிடை வேலை முடிந்து ரெலிபோன் எடுப்பார். சுகம் கேட்கமாட்டார்.

"ஏதும் கிடைச்சுதோ?"

"இன்னும் இல்லை."

"பாருங்கோ," என்பார். வைத்துவிடுவார்.

அந்தக் கல்வெட்டை அச்சிட்டவரின் மகன் கனடாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. கண்டிக்காரர் ஓகஸ்ட் கடைசியில் மாற்றலானதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. மச்சானின் தகப்பனார் இறந்தது அந்த ஆவணியின் முதலாவது தசமியிலா, இரண்டாவது தசமியிலா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படவில்லை.